சிலம்பும் சான்றும்
உயிர் தப்பியோரின் ஏடுகளையும் உரைகளையும் பேணுமுறை பற்றிய ஓர் ஆய்வு

சான்று என்னும் சொல்லும் சான்றோர் என்னும் சொல்லும் சால் என்னும் அடியிற் பிறந்தவை. நிறைதல் என்பது அவ்வடியின் பொருள். கண்டதனைக் கண்டவாறே உரைத்தற்கு அறிவு மட்டும் போதாது, ஒழுக்க நிறைவும் வேண்டும் என்னும் கருத்து இச்சொல்லுறவினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. ஆயினும் சான்று கூறுவோர் நிறைவுடையராதல் ஒன்றே அமையாது. கூறியதனைக் கேட்டுக் காத்து வைப்போரும் அந்நிறைவுடையராதல் வேண்டும். இவ்விரண்டாம் கடமையே ஈண்டு ஆராய்தற்கு உரியது.

தமிழ் இலக்கியத்துள் சான்றின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையாகும். கணவனை இழந்த கண்ணகி பாண்டியன் அவையிலே தன் சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி நிற்கின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் அரசன். கோவலனிடமிருந்து கவர்ந்த சிலம்பு கொணர்ந்து வைக்கப்படுகின்றது, அவள் அதனை உடைக்கின்றாள், மணி தெறிக்கின்றது, வழக்கு முடிகின்றது. கூர்ந்து நோக்கின் இவ்வழக்கிலே உண்மையை நிலைநாட்டியவை மூன்று: துன்புற்றவளின் உரை, அவ்வுரையோடு பொருந்திய பொருள், அப்பொருளை அழியாது வைத்திருந்த காப்பு. சிலம்பைக் கைப்பற்றிய அரண்மனை அதனை உருக்கியிருப்பின் கண்ணகியின் சொல் வெறுஞ் சொல்லாகவே நின்றிருக்கும். கிழக்கிலங்கைக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுண்மை மிகப் பெரிய அளவிலே சோதனைக்கு உள்ளாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாசி ஜேர்மனியும் அதன் துணைவரும் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரைக் கொன்றனர். கொன்றதோடு அமையாது, கொன்ற தடயத்தையும் அழிக்க முயன்றனர். புதைகுழிகள் தோண்டப்பட்டு உடல்கள் எரிக்கப்பட்டன; திரெப்பிளிங்காக் கொலைமுகாம் இடிக்கப்பட்டு அந்நிலம் உழப்பட்டது. ஆதலின் உயிர் தப்பியோரின் நாட்குறிப்பு, கடிதம், ஒளிப்படம், வாய்மொழி ஆகியன வரலாற்றுக்கு வெறுந் துணைக்கருவிகள் அல்ல. பல இடங்களில் அவையே வரலாறு.

ஈண்டு ஒன்று தெளிவுபடுத்தற்குரியது. ஒரு மக்களின் துயரை இன்னொரு மக்களின் துயரோடு வைத்து நிறுக்கும் தராசு இல்லை. யூதப் பேரழிவு தன் அளவாலும் முறையாலும் தனித்து நிற்பது. ஈழத்து நிகழ்ச்சிகளை அதனோடு ஒன்றெனக் கூறுதல் இரண்டினையும் பிழைபட உணர்தலாகும். ஒப்பிடத் தக்கது துயரன்று. துயரின் சான்றைக் காத்த முறையே.

அம்முறையின் தலையாய எடுத்துக்காட்டுப் போலந்தின் வார்சோ நகரிலே கிடைக்கின்றது. 1940 நவம்பரில் அந்நகரத்து யூதர் மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். வரலாற்றாசிரியராகிய இம்மானுவேல் றிங்கல்புளூம் அவ்வடைப்பினுள்ளே மறைவான ஒரு குழுவை அமைத்தார். சனிக்கிழமைகளிற் கூடியமையால், ஓய்வுநாள் மகிழ்ச்சி எனப் பொருள்படும் ஓனெக் ஷபாத் என்னும் பெயர் அதற்கு வழங்கிற்று. ஆசிரியர், எழுத்தாளர், சமயகுரவர், சமூகப் பணியாளர் எனப் பலதிறத்தார் அதிற் பங்குகொண்டனர். அவர் திரட்டியவற்றை நோக்குமிடத்து வியப்பு உண்டாகின்றது. ஆய்வுக் கட்டுரை, நாட்குறிப்பு, அகதிகளின் வாக்குமூலம் என்பவற்றோடு பங்கீட்டு அட்டை, திராம் வண்டிச் சீட்டு, சுவரொட்டி, இனிப்புப் பண்டத்தைச் சுற்றிய தாள் ஆகியனவும் அத்தொகுதியுள் அடங்கும். எது பிற்காலத்தார்க்குப் பயன்படும் என முடிவுசெய்யும் உரிமையைத் திரட்டுவோர் தமதாக்கிக் கொள்ளலாகாது என்னும் பணிவே இதன்கண் வெளிப்படுகின்றது.

1942 ஓகஸ்ட் மாதத்திலே, மக்கள் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், திரட்டியவற்றின் முதற்பகுதி பத்து உலோகப் பெட்டிகளுள் இடப்பட்டு ஒரு பாடசாலைக் கட்டடத்தின் நிலவறையிற் புதைக்கப்பட்டது. புதைத்தவர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்னும் ஆசிரியரும் அவருடைய மாணவர் இருவருமாவர். 1943 பெப்ரவரியில் இரண்டாம் பகுதி பாற்கலங்கள் இரண்டினுள் இட்டுப் புதைக்கப்பட்டது. 1946 செப்ரெம்பரில் முதற்பகுதியும், 1950 டிசெம்பரில் இரண்டாம் பகுதியும் இடிபாடுகளின் அடியிலிருந்து எடுக்கப்பட்டன. மூன்றாம் பகுதி கிடைத்திலது. புதைத்த ஆசிரியரும் மாணவரும் மீளவில்லை. றிங்கல்புளூம் 1944 மார்ச்சில் மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டார். குழுவினருள் உயிர் தப்பியோர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான றாகெல் அவுவர்பாக், புதைத்தவற்றைத் தேடி எடுக்குமாறு இடையறாது வற்புறுத்தியவர். 1953 இல் யெருசலேமில் நிறுவப்பட்ட யாத் வாஷெம் நிறுவனத்திலே வாக்குமூலம் திரட்டும் பகுதிக்குப் பின்னர்த் தலைமை தாங்கியவர்.

திருகோணமலை மக்களுக்கு 1950 என்னும் ஆண்டு வேறொரு நிகழ்ச்சியை நினைவூட்டும். அவ்வாண்டிலே நகரில் கிணறு வெட்டியபோது பழைய கோணேசர் கோயிலுக்குரியவெனக் கொள்ளப்படும் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களிலே கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினான். அவ்விடிப்பினின்றும் அடியார் காத்து மண்ணுள் மறைத்தவை இத்திருமேனிகள் என்பது வழிவழி வந்த கொள்கை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலத்தடியில் இருந்த அவை, 1963 இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலிலே மீண்டும் வழிபாடு பெற்றன. இதற்கிடையே 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணமலையின் அடியிலே கடலினுள் மூழ்கிக் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். காக்க வேறு வழியில்லாதபோது மண்ணை நம்பிய மனம் வார்சோவிலும் திருகோணமலையிலும் ஒன்றே.

ஆயினும் இரண்டிற்குமிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. வார்சோவிலே பொருளோடு உரையும் புதைக்கப்பட்டது. புதைத்தவர் யார், எப்பொழுது புதைத்தனர், எக்காரணத்தாற் புதைத்தனர் என்பவற்றை அவர்தம் கையெழுத்தே கூறுகின்றது. கோணமலைத் திருமேனிகளை மறைத்த அடியாரின் பெயரும் அறியப்படவில்லை; நாளும் அறியப்படவில்லை. கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் கோயிலின் பெருமையையும் அதன் ஒழுங்கையும் விரித்துரைக்கின்றன. எனினும், இடிப்பு நிகழ்ந்தவிதம் பற்றிய செய்தி போர்த்துக்கேயர் எழுத்துகளினின்றே பெரிதும் பெறப்படுகின்றது. பொருள் எஞ்சிற்று, கண்டோர் உரை எஞ்சவில்லை. சிலம்பு கிடைத்தது, வழக்குரைக்கக் கண்ணகி இல்லை.

யூதப் பேரழிவின் வரலாற்றை எழுதியோரும் தொடக்கத்தில் இதனை ஒத்ததோர் இடர்ப்பாட்டுக்கு உள்ளாயினர். றால் ஹில்பேர்க் 1961 இல் வெளியிட்ட பெருநூல் பெரும்பாலும் கொன்றவரின் அலுவலக ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டது. மக்கள் எவ்வாறு கொல்லப்பட்டனர் என்பதனை அவ்வாவணம் கூறும். எவ்வாறு வாழ்ந்தனர் என்பதனைக் கூறாது. அதே ஆண்டில் யெருசலேமில் அடொல்ஃப் ஐக்மன்மீது நடந்த வழக்கிலே நூற்றுக்கு மேற்பட்டோர் சாட்சியங் கூறியபின்னரே உலகின் செவி உயிர் தப்பியோர்பால் முழுமையாகத் திரும்பிற்று எனலாம். ஆனால், அவர் உரையின் அருமையை அதற்கு முன்னரே உணர்ந்தாரும் உளர். உளவியலறிஞர் டேவிட் போடர் 1946 இல் கம்பியில் ஒலியைப் பதியுங் கருவியொன்றை எடுத்துச் சென்று, ஐரோப்பிய அகதி முகாம்களிலே நூற்றுக்கு மேற்பட்டோரின் உரைகளைப் பதிந்தார். அவரவர் விரும்பிய மொழியிலேயே பேசவிட்டார். தயக்கமும் விம்மலும் மௌனமும் அக்கம்பியில் இன்றும் கேட்கின்றன. எழுத்தாக்கிய உரையில் இவை நீங்கிவிடும். ஆயின் இவையும் சான்றின் பகுதியே.

இத்தகைய உரைகளை இலக்கியமாகவும் வரலாறாகவும் திறனாய்வோர் மூன்று வினாக்களை எதிர்நோக்க வேண்டியுள்ளது. மூலம் எது? பொய் எது? பிழையை என் செய்வது? தமிழ்ப் பதிப்புத்துறை இவ்வினாக்களுக்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டியபோது இவற்றையே எதிர்நோக்கினர். பிரதிகளை ஒப்புநோக்குதல், ஐயமுள்ள இடத்தை ஐயமுள்ளதெனக் காட்டுதல் என்பன ஏட்டுச்சுவடிக்கு மட்டுமன்றி உயிர் தப்பியோர் உரைக்கும் பொருந்தும் நெறிகளாகும்.

முதல் வினாவுக்கு ஆன் பிராங்க் என்னும் சிறுமியின் நாட்குறிப்பு விடை தருகின்றது. தான் எழுதியதனை 1944 இல் அவளே வெளியீட்டுக்கெனத் திருத்தி எழுதத் தொடங்கினாள். அவள் குடும்பம் பிடிபட்டபின் மீப் கீஸ் என்னும் பெண்மணி அத்தாள்களை எடுத்துப் படியாமலே காத்து வைத்தார். உயிர் தப்பி மீண்ட தந்தை, இரண்டு வடிவங்களையும் இணைத்தும் சில பகுதிகளை நீக்கியும் 1947 இல் நூலாக்கினார். பிற்காலத்தில் அந்நூல் போலியென்று சிலர் பழிகூறினர். மூலத்தாள்கள் அழியாதிருந்தமையால் தாளும் மையும் கையெழுத்தும் ஆராயப்பட்டு அப்பழி பொய்யாக்கப்பட்டது. 1986 இல் மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்து ஆய்வுப் பதிப்பு வெளிவந்தது. தந்தை செய்த தொகுப்பு அன்பினாற் செய்யப்பட்டது, குற்றமுடையதன்று. எனினும் உலகின் நம்பிக்கையை இறுதியிற் காத்தது அழகிய தொகுப்பன்று, திருத்தப்படாத மூலமே.

இரண்டாம் வினாவுக்கு எதிர்மறை எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1995 இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்னும் பெயரால் வெளிவந்த நினைவுநூல், குழந்தைப் பருவத்திலே முகாமிலிருந்து உயிர் தப்பியவரின் உரையென எங்கும் போற்றப்பட்டது. சில ஆண்டுகளுள் சுவிற்சலாந்துப் பதிவேடுகள், அதனை எழுதியவர் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதனை வெளிப்படுத்தின. உருக்கம் உண்மைக்கு உரைகல்லன்று என்பது இதனாற் பெறப்படும். ஒரு பொய்யுரை ஆயிரம் மெய்யுரைகளின்மேல் ஐயத்தை ஏற்றிவிடும். ஆதலின் சான்றுரையைச் சோதித்தல் துன்புற்றோரை அவமதித்தலாகாது. அவர்க்குச் செய்யும் காவலே ஆகும்.

மூன்றாம் வினாவே நுட்பமானது. அவுஷ்விற்ஸ் முகாமில் 1944 ஒக்ரோபரில் கைதிகள் கிளர்ந்தெழுந்ததைக் கண்ட பெண்ணொருத்தி, நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என உரைத்தாள். சிதைந்தது ஒன்றே எனச் சுட்டிய வரலாற்றாசிரியர் அவ்வுரையை ஒதுக்க எண்ணினர். உளமருத்துவர் டோரி லாப் அதனை ஏற்கவில்லை. எதிர்ப்பே நிகழவியலாத இடத்தில் எதிர்ப்பு நிகழ்ந்ததென்பதே அவள் கண்ட உண்மை என்றார் அவர். இரு சாராரும் கூறியதிற் பொருள் உண்டு. எண்ணிக்கைக்கு அவ்வுரை சான்றாகாது. அச்சத்தின் மதில் இடிந்த அனுபவத்துக்கு அதுவே சான்று. நான்கு என்பதை ஒன்று எனத் திருத்தும் பதிப்பாசிரியன் இரண்டினையும் இழப்பான். உரையை உரைத்தவாறே வைத்துக் கீழே குறிப்பு எழுதுவதே நெறி.

இவையனைத்தும் தொலைநாட்டுச் செய்திகளாக நின்றுவிடவில்லை. 2006 சனவரி 2 ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையிலே காந்தி சிலைக்கு அருகில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தமையால் இறந்தனர் என்பது படைத்தரப்பின் முதற் கூற்று. சுடர் ஒளிப் பத்திரிகையின் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் உடல்களிலே துப்பாக்கிக் குண்டுக் காயங்களைக் காட்டின, அக்கூற்று நிலைகுலைந்தது. அதே மாதம் 24 ஆம் நாள் சுகிர்தராஜன் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சத்தினாற் சாட்சிகள் சிலர் நாட்டைவிட்டு நீங்கினர். 2019 யூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இன்மையால், குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் விடுவித்தது.

இங்கே பொருள் உண்டு. அப்பொருளைக் காட்டியவர் உயிரோடில்லை. உரைக்கத் தக்கோர் உளர். அவர் அவையிலே நிற்க இயலவில்லை. வழக்குரை காதையில் ஒருங்கே நின்ற மூன்றும் இங்கே ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. நீதிமன்றத்தின் கதவு அடைபடினும் வரலாற்றின் கதவு அடைபடுவதில்லை என்பர். அது தானே திறந்திருப்பதன்று. தாளும் படமும் குரலும் காக்கப்படும் அளவிற்கே திறந்திருப்பது.

காப்போரின் நடுநிலையும் ஈண்டு எண்ணத்தக்கது. றிங்கல்புளூம் குழுவினர் பகைவரின் கொடுமையை மட்டும் எழுதவில்லை. அடைப்பினுள் யூதக் காவலர் செய்த தீமையையும், செல்வர் சிலரின் இரக்கமின்மையையும் எழுதினர். தம்மவர் குறையை மறைத்த தொகுப்பை உலகம் நம்பாது என்பதனை அவர் அறிந்திருந்தனர். ஈழத்திலே 1990 இல் வெளிவந்த முறிந்த பனை என்னும் நூலை யாத்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வரும் அந்நெறியே நின்று, அரச படையும் இந்தியப் படையும் தமிழ் இயக்கங்களும் செய்த கொடுமைகளை ஒருங்கே பதிந்தனர். அந்நால்வருள் ஒருவராகிய ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். திருகோணமலை மாவட்டத்திலும் துயர் ஒரு சாரார்க்கே உரியதாக இருந்ததில்லை. 2006 இல் சம்பூரை விட்டு நீங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் திரும்பாதிருந்த தமிழர், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூரை விட்டு ஓடிய முஸ்லிம்கள், எல்லைப்புறக் கிராமங்களிலே தாக்குண்ட சிங்களர் ஆகிய மூவகையாரின் உரைகளும் ஒரே பேழையுள் இருத்தல் வேண்டும். ஒரு கட்சியின் வழக்கறிஞனாகத் தொடங்கும் காப்பகம் இறுதியில் அக்கட்சிக்கும் பயன்படாது.

பொருள்களைக் காக்கும் முறையிலும் வார்சோ ஒரு பாடம் புகட்டுகின்றது. உலோகப் பெட்டிகளுள் நீர் புகுந்தமையால் முதற்பகுதித் தாள்கள் பல பழுதுற்றன. இறுக மூடிய பாற்கலங்களுள் இருந்தவை பெரும்பாலும் தப்பின. உப்புக்காற்றும் ஈரமும் கறையானும் மலிந்த துறைமுக நகரிலே காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், பங்கீட்டு அட்டை, முகாமில் வழங்கிய நிவாரண அட்டை, மணவறைப் படம் ஆகியன நெடுங்காலம் நில்லா. இரும்பு ஊசி துருவேறித் தாளை அரிக்கும். வெப்பத்தால் ஒட்டிய பிளாத்திக்கு உறையைப் பின்னர் நீக்கல் அரிது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது கரையோரக் குடும்பங்கள் பல, வீட்டோடு ஏட்டையும் இழந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாதவையும் அவற்றுள் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது காக்கப்பட்டதாகாது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் தொகுப்பு, ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்படியாக்கி இக்குறையைப் பெரிதும் நீக்கி வருகின்றது. எனினும் படி எடுத்தபின் மூலம் வேண்டா என எண்ணுதல் பிழையாகும். ஆன் பிராங்கின் தாளும் மையுமே அவளுக்காக வழக்குரைத்தன.

பேணுவோர் மறக்கலாகாத இன்னொன்று, உரை உரைத்தவர்க்கே உரியது என்பது. அஞ்சி வாழ்பவரின் பெயரை அவர் உடன்பாடின்றி வெளியிடுதல் அறமன்று. இத்தனை ஆண்டுகள் திறக்கலாகாது என அவர் விதிப்பின் அவ்விதியைக் காத்தலும் காப்பகத்தின் கடமையே. உலகறியச் செய்தல் ஒன்றே பேணுதலன்று. உரிய காலம்வரை பேசாது வைத்திருத்தலும் பேணுதலே. மீப் கீஸ் படியாமற் காத்த தாள்கள் இதற்குச் சான்று.

வார்சோவின் முதற்பெட்டிகளைப் புதைத்தது அரசன்று, பெருநிறுவனமுமன்று. ஓர் ஆசிரியரும் இரு மாணவருமே. புதைத்த இடமும் பாடசாலை. ஆதலின் இக்கடமை கல்லூரிகளுக்கு அயலானதன்று. முதியோர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டு, பெயரும் ஊரும் நாளும் குறித்து, சொல்லைத் திருத்தாது எழுதிவைக்கும் மாணவன் செய்வது சிறு செயலாகத் தோன்றலாம். கண்டோர் தலைமுறை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் திருமேனிகளை மண்ணுள் வைத்த அடியாரிடம் அங்ஙனம் கேட்டெழுத ஒருவர் இருந்திருப்பின், கோணமலையின் வரலாறு இடித்தவர் வாயால் அறியப்படும் நிலை நேர்ந்திராது.